அம்மா பார்த்த மாப்பிள்ளை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பீரோக்களை நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டாள். ஒரு பீரோவின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கீல் முனகியது. "எண்ணெ வுட்டா சரியா பூடும்" என்று கடைக்காரர் சொல்ல வேண்டியதை அவளே சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அந்தப் புள்ளைக்கே நம்ம பாப்பாவ குடுத்துடலாம்னு கீறேன்" என்றாள்.

"எந்தப் புள்ளைக்கு?"

"இன்னா, எந்தப் புள்ளைக்கு? உன் கூட்டாளிக்குத்தான்."

எனக்கு அன்று விடுமுறை. தூக்கம் போதாமல் வந்திருந்தேன். வெயிலில் நின்ற இரும்புச் சாமான்களிலிருந்து அனல் அடித்தது. அவள் சொன்னது காதில் விழுந்து, அது என்னவென்று புரிவதற்குள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டாள். பின்னாலேயே போனேன்.

"அவன் உன்கிட்ட எதுனா சொன்னானா?"

"அவன் எதுக்குடா சொல்லணும்? ஞாயித்துக்கிழமையானா வந்து நிக்கறான். கேஸ் தீந்துச்சுன்னா தூக்கிகினு வர்றான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தான். இதெல்லாம் உன் மூஞ்சிக்காவவா செய்யறான்?"

என் மூஞ்சிக்காகத்தான் செய்தான். அதைச் சொல்ல அந்த இடம் தோதாக இல்லை.

"அதுவுமில்லாம உன்ன மச்சான்னு கூப்புடறான்" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா கூப்பிடுவாங்க. ஆட்டோக்காரர்கூட கூப்பிடுவாரு."

"எல்லாரும் கூப்புடற மாதிரி அவன் கூப்புடல. நான் கேட்டுகினுதானே கீறேன்? பொண்ணு மேல மனசு வெச்சவன்தான் அப்படிக் கூப்புடுவான்."

அம்மாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கணக்கு மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. அம்மா என் அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அப்பா அவளுக்கு அத்தை மகன். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தச் சொல்லை ஒருவர் எப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"அவங்க வேதக்காரங்கம்மா" என்றேன். தப்பிக்க, அவன் கிறிஸ்தவன் என்பதுதான் கைக்குக் கிடைத்தது.

"தெரியும். யோசிச்சு முடிச்சுட்டேன். எங்க கம்பெனில ஒருத்தி பொண்ணு முஸ்லிம் பையனக் கட்டிகிச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. ரெண்டு பேரும் மதம் மாறல. அதுக்குன்னு தனியா சட்டமே கீதாமே? நீ படிச்சவன், அது இன்னா ஏதுன்னு பாத்துச் சொல்லு."

பீரோ வாங்காமலே வீடு திரும்பினோம். கீழ்க்கட்டளை வரும்வரை பஸ்ஸில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவளின் தூக்கம்.

*

அம்மா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கைப்பைகளுக்குப் பசை தடவுகிறாள். அப்பா லோடு ஏற்றும் வேலையில் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். மதிய உணவு, இலவச பஸ் பாஸ், உதவித்தொகை என்று என்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டது அரசாங்கம். மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டும்போது எனக்குள் ஒரு சங்கடம் வரும், சொந்தக்காரரைத் திட்டுவதுபோல. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். படித்துச் சொல்வேன். நான் சொன்னால் அது சட்டம்.

அவனும் நானும் தாம்பரத்தில் ஒரே கல்லூரி. அவன் அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். அவன் கூடுவாஞ்சேரியில் ஒரு பில்டர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறான். வாரத்தில் சில நாட்கள் நான் அங்கே தங்குவேன். அம்மாவைப் பொறுத்தவரை அது நைட் ஷிஃப்ட்.

அவனுடைய வீட்டுக்கார அம்மா போர்ஷனைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். லேடீஸ் யாரும் வரக்கூடாது. இத்தனை வருடங்களில் ஒருத்தியும் வரவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எதிர்வீட்டுக்காரர்களிடம் எங்களைக் காட்டி, "பேச்சுலர்ஸ்னா இப்படி இருக்கணும். தங்கமான பசங்க" என்று சொல்வார். கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்து அனுப்புவார். எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் பெரும்பாலும் இந்த வகைதான். யாரும் மனமுவந்து கொடுத்ததில்லை. யாருக்கும் தோன்றாததால் கிடைத்தது.

நாங்கள் கல்லூரியை முடித்த வருடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று அவன் ஸ்டேஷன் வாசலில் என் தோளில் கை போட்டான். அதற்கு முந்தின நாளும் போட்டிருந்தான், அப்போதும் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு அன்று கண் கலங்கியது. சில வருடங்கள் கழித்து இரண்டாவது தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்ள எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும் என்றார்கள். அதை நான் கடற்கரை போகும் மின்ரயிலில் போனில் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருவர் அதே செய்தியைப் பேசினார்கள்.

"இவுங்களுக்குக் கல்யாணம் ஒரு கேடு."

"அவன் அவன் என்னவோ பண்ணிட்டுப் போறான், நமக்கு என்ன சார்? அதுக்குக் கவர்மெண்ட் எதுக்கு வந்து தாலி எடுத்துக் குடுக்கணும்?"

இரண்டாவது ஆளைப் பார்த்தேன். கெட்டவராகத் தெரியவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பாட்டி ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்.

*

அம்மா கேட்ட சட்டத்தை நான் புதிதாகப் பார்க்க வேண்டியதே இல்லை. சிறப்புத் திருமணச் சட்டம். அந்த இரண்டாவது வழக்கில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது இந்தச் சட்டத்தில்தான். அதன் வரிகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். தீர்ப்புக்கு முன்னால் நம்பிக்கையோடு படித்தவை.

சனிக்கிழமை காலை அம்மா டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். மதம் மாற வேண்டாம். ஐயர் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம். ரெண்டு பேரும் போய் நோட்டீஸ் குடுக்கணும். அந்த நோட்டீஸ முப்பது நாள் ஆபீஸ் பலகையில ஒட்டி வெப்பாங்க. யாரும் சரியான காரணம் காட்டித் தடுக்கலன்னா மூணு சாட்சி வெச்சுப் பதிவு பண்ணிக்கலாம்."

"சாதி கேப்பானா?"

"மாட்டாங்க."

"அவுங்கப்பா அம்மா வரலன்னா?"

"வயசு ஆயிருந்தா போதும். யாரும் வரணும்னு இல்ல."

"கவர்மெண்ட்ல சில பேரு நல்லாத்தான் யோசிச்சு கீறாங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். இரண்டு சாமிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக அவள் தூங்கவில்லையாம். யாரையும் புண்படுத்தாமல் தாண்டிப்போக ஒரு வழி இருக்கிறது, அதை அரசாங்கமே போட்டு வைத்திருக்கிறது என்றதும் நிமிர்ந்துவிட்டாள். "இன்னாவோ பயந்துகினு இருந்தேன். யாரு கேட்டாலும் சொல்லிக்கலாம். சட்டமே அப்படித்தான்னு."

என் அம்மா இவ்வளவு பெரிய மனசுக்காரி என்று எனக்கு அதுவரை தெரியாது. சாதி, மதம், சொந்தக்காரர்களின் வாய் எல்லாவற்றையும் அவள் தனியாகவே தாண்டிவிட்டிருந்தாள். நான் காதலிக்கிறவனைத் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். நான்தான் அந்தக் கணக்கில் இல்லை.

"அவன்கிட்ட நீயே ஒரு வார்த்த கேட்டுடு. ஞாயித்துக்கிழமை வரும்போது நான் பேசிக்கறேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

அன்று மாலை கிழக்குத் தாம்பரத்தில் அவனைப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தான். சொன்னேன். முதலில் சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து எழுந்து தண்ணீர் குடித்தான். அப்புறம் மறுபடி வந்து படுத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லவா மச்சான்? சரின்னு சொல்லிடலாமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"யோசிச்சுப் பாரு. எங்க வீட்டுல கேக்கறது நின்னுடும். உங்க வீட்டுல கேக்கறது நின்னுடும். நான் நெஜமாவே உனக்கு மச்சான் ஆயிடுவேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிக்கலாம், யாருடா நீன்னு எவனும் கேக்க மாட்டான். எத்தன பேரு இப்படித்தான் ஓட்டிட்டு இருக்காங்க."

"என் தங்கச்சி?"

கூரையைப் பார்த்தான். மின்விசிறி சுற்றாமல் நின்றிருந்தது. கரண்ட் இல்லை.

"அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குடா."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். டயர்டா இருக்குடா எனக்கு. போன வாரம் அப்பா போன் பண்ணி, சர்ச்ல ஓலை வாசிக்கறதுக்குள்ள என் கண்ணு மூடிடும் போலன்னு அழுதாரு."

ஓலை வாசிப்பது என்றால் அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் அறிவிப்பது. தடை ஏதும் இருந்தால் சொல்லலாம். சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் தன் பெயரோடு எந்தப் பெயர் வரும் என்று யோசிப்பானாம். "உங்க ஆபீஸ் பலகையும் எங்க ஓலையும் ஒண்ணுதான். ஊரக் கூட்டி, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேக்கறது. ரெண்டுலயும் நம்ம பேரு வராது. நம்மள ஆட்சேபிக்கக்கூட ஆள் இல்ல, பாரேன்."

எங்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு. அன்றும் அதே இடத்துக்கு வந்தோம். கல்யாணத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவன் அவன். யார் யாரோடு இருக்கிறார்கள் என்று பதிவு செய்து முத்திரை குத்த அவர்கள் யார்? அந்தப் பதிவையே எல்லாருக்கும் எடுத்துவிடட்டும், நம்மைச் சும்மா விட்டால் போதும் என்பான். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. வீடு, புத்தகம், பென்ஷன் எல்லாம் இருந்த வீடு. சும்மா விட்டால் அவர்களால் நிற்க முடியும்.

"எங்கள எல்லாம் சும்மா விட்டிருந்தா நான் அப்பாகூட லோடு ஏத்திட்டிருப்பேன்" என்றேன்.

"அது வேற. படிப்பு வேற, இது வேற."

"எங்கம்மாவுக்கு வேற வேற இல்ல. அரசாங்கம் இருக்குன்னு சொன்னாத்தான் ஒரு விஷயம் இருக்கு. இன்னைக்குக் காலைல பாத்தேன். சட்டம் இருக்குன்னு சொன்னதும் எப்படி நிமிந்தா தெரியுமா? யாரோ ஒருத்தர் பின்னால வந்து நின்ன மாதிரி."

"அது உன் தங்கச்சிக்கு."

"ஆமா."

"நமக்கு யாரு வந்து நிப்பா?"

எழுந்து போய் மாவு பாக்கெட்டை எடுத்து தோசை ஊற்றினேன். கல் சரியாகக் காயாமல் முதல் தோசை ஒட்டிக்கொண்டது. அதை அவனே பிய்த்து எடுத்துத் தின்றான். "நாளைக்கு நான் வரல. நீயே சொல்லிடு. நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காத" என்றான். தங்கையை வைத்துச் சொன்னதைப் பற்றி அவனுக்கு அதற்குள்ளேயே வெட்கமாகிவிட்டது. சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் தங்கை என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். துணி எடுக்கிற சாக்கு. அவள் மேடவாக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். அம்மா அவளிடமும் சொல்லியிருக்கிறாள்.

"என்னண்ணா இது கூத்து? உன் ஆள எனக்குக் கட்டி வைக்கப் பாக்குது அம்மா."

கையிலிருந்த கிளிப்புகளைக் கீழே போட்டுவிட்டேன்.

"ரொம்ப நடிக்காத. எனக்கு எப்பவோ தெரியும். அவரை நான் இதுவரைக்கும் அண்ணான்னு கூப்பிட்டிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. 'ஹலோ', 'இந்தாங்க', 'சார் வந்துட்டாரு'. அவ்வளவுதான்.

"அம்மா அதையும் கணக்குல சேத்துக்கிச்சு. பொண்ணுக்கும் மனசு இருக்கு, அதான் அண்ணான்னு கூப்பிடலன்னு. எனக்கு என்ன பிரச்சனைன்னா, அண்ணனோட ஆள அண்ணின்னா கூப்பிட முடியும்? அடிக்க வருவாரு." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அம்மாகிட்ட நீ சொல்லு. நான் வேணாம்னு சொன்னா, பையன்கிட்ட என்ன கொறைன்னு கேக்கும். என்ன கொறைன்னு நான் சொல்லட்டும்? அவர்கிட்ட ஒரு கொறையும் இல்ல."

துணிகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இவ்வளவு நாள் இவளிடமிருந்து எதை மறைத்தேன் என்று நினைக்க அலுப்பாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்கு பேருக்கு வாங்கியிருந்தாள்.

"ஏன் வரல அவன்? வெட்கமா?"

எப்படிச் சொல்வது என்று கல்லூரி நாளிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்கென்று இப்போது அச்சில் நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. மரியாதையான சொற்கள். அவற்றில் ஒன்றுகூட அம்மாவின் முற்றத்துக்குள் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த சொற்களோ தெருவில் கேட்டவை. அவற்றை என் மேல் நானே போட்டுக்கொள்ள முடியாது. மீன் தலைகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தன.

"அவன் மச்சான்னு கூப்பிடறது பாப்பாவ வெச்சு இல்லம்மா" என்றேன்.

"அப்பறம்?"

"நீ அப்பாவக் கூப்பிட்டல்ல. அப்படி."

கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, குடலை உருவி, தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் முடித்தாள். கடைசியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை அலசினாள்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் கடைசியா."

"ஆமாம்மா."

"எத்தினி நாளா?"

"காலேஜ் முடிச்சதுலேர்ந்து."

கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"நேத்து ஒரு சட்டம் சொன்னியே. மதம் கேக்க மாட்டான், சாதி கேக்க மாட்டான்னு. அதுல உங்களுக்கு எடம் கீதா?"

"இல்லம்மா. கோர்ட்ல கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க. கவர்மெண்ட்தான் சட்டம் போடணுமாம்."

"போடுமா?"

"இப்போதைக்குப் போடாது."

"அப்ப நான் இன்னாடா பண்றது?" குரல் உயர்ந்தது அப்போதுதான். "அந்தப் பொண்ணு முஸ்லிம் பையனக் கட்டிகினப்ப அவ ஆத்தா தெருவுல நின்னு சொன்னா. கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டான், கேக்கறதுக்கு நீ யாருடின்னா. ஒருத்தி வாய் தொறக்கல. நான் இன்னாத்தக் காட்டிச் சொல்லுவேன்? எம்புள்ள இப்படின்னு எத வெச்சு நிப்பேன்? சொல்லு. படிச்சவன்தானே நீ."

ரயிலில் அந்த ஆள் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரிந்தது. கவர்மெண்ட் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டாம். என் அம்மா தெருவில் நிற்பதற்கு ஒரு கையளவு இடம் கொடுத்தால் போதும். ஆனால் அந்த ஆளை இனி எங்கே போய்த் தேடுவது? தேடிச் சொன்னாலும், அந்தக் கையளவு இடம் அவர் கொடுக்கக்கூடியது இல்லை.

நெத்திலியைக் குழம்பு வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் சாப்பிடவில்லை.

*

அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தப் பேச்சே இல்லை. என்னை அடிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை, சாமியாடிகளிடம் கூட்டிப் போகவில்லை. நண்பர்கள் சிலரோடு ஒப்பிட்டால் நான் கொடுத்து வைத்தவன். கம்பெனிக்குப் போனாள், வந்தாள், டிவி பார்த்தாள். நான் ஷிஃப்ட் என்று கிளம்பும்போது மட்டும் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். அந்தச் சொல்லை இனி நான் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தும், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கேஸ் தீர்ந்தது. "அவனை வரச்சொல்லு" என்றாள். "தூக்கறதுக்கு ஆள் வேணும்ல. உன்னால ஆவாது. ஆனா எம்முன்னாடி உன்ன அப்படிக் கூப்புட வேணாம்னு சொல்லிடு."

வந்தான். சிலிண்டரைத் தூக்கி வைத்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். என் பெயர் அவன் வாயில் ஏதோ ஆபீஸில் கேட்பதுபோல இருந்தது. அம்மா அவனுக்கு டீ கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

பிறகு தங்கைக்கு வேறு இடம் வந்தது. கூடுவாஞ்சேரியில் சொந்த மனையில் வீடு கட்டியிருக்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனைத் தங்கைக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதையும் கடைசியாகத்தான் சொல்வார்கள்.

பெண் பார்க்க வரும் நாளில் அவன் காலையிலேயே வந்து பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டான். வாழைப்பழம், பூ எல்லாம் வாங்கி வந்தான். மின்விசிறி கிரீச்சிட்டதைச் சரி செய்தான். எல்லாம் முடிந்ததும் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் மெல்ல, "அவங்க வரும்போது இவன் யாருன்னு கேப்பாங்க" என்றாள். அதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு சைட்ல வேலை இருக்கும்மா, கெளம்பறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சைட்டில் வேலை கிடையாது. அம்மாவுக்கும் அது தெரியும். அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் நல்லவர்கள். தங்கை தட்டோடு வந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பேச்சு வேலை, சம்பந்தம், மண்டபம் என்று போய் என்னிடம் வந்தது.

"மூத்தவரு இவருதானே? தம்பிக்கு இன்னும் ஆகலையா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே சொல்ல நாலைந்து பதில்கள் எப்போதும் வைத்திருப்பேன். அன்று ஒன்றைக்கூட எடுக்கத் தெம்பில்லை. இதில் ஏதாவது பிசகினால் தங்கையின் கல்யாணம் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குப் பொண்ணு பாக்கல" என்றாள் அம்மா. குரல் தெளிவாக இருந்தது. "கவர்மெண்ட்லேர்ந்து ஒண்ணு வரணும். அது வந்துட்டா அப்பவே முடிச்சுடுவோம். அதுக்குத்தான் காத்துகினு கீறோம்."

"அப்படிச் சொல்லுங்க!" அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "குரூப் டூவா, ஃபோரா?"

கதவோரம் தங்கை இருமினாள்.

"அது... வேற சார். டெல்லில" என்றேன்.

"சென்ட்ரல் கவர்மெண்டா! ரொம்ப நல்லது. ரிசல்ட் வந்துடுச்சா?"

"எங்களுக்கு எதிரா வந்துடுச்சு சார்."

"கேஸ் போட்டீங்களா?"

"போட்டாங்க. தள்ளிட்டாங்க."

"இப்பல்லாம் அப்படித்தான் இழுத்தடிக்கறானுங்க. எங்க அக்கா பையனும் இப்படித்தான், வருஷக்கணக்கா. விட்றாதீங்க தம்பி." என் தொடையில் தட்டினார். "வயசு வரம்பு இருக்குல்ல அதுக்கு?"

"அது ஒண்ணுதான் சார் இல்ல."

"அப்பறம் என்ன? வெயிட் பண்ணுங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பஜ்ஜித் தட்டை எடுத்து, "நீங்க ஒண்ணுமே எடுத்துக்கல, ஆறிப்போவுது பாருங்க" என்று அவரிடம் நீட்டினாள்.